வளைகுடாவில் வண்டி ஓட்டியவர்கள் நீலகிரி ஏறும் முன்

ஷார்ஜாவில் 11 வருடம் டெலிவரி வேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் துபாய், அபுதாபி, ஷார்ஜாவிலிருந்து லீவில் வரும் சொந்தக்காரர்களும் பழைய ரூம்மேட்டுகளும் போன் செய்வார்கள். "கோயம்புத்தூர்ல வண்டி எடுத்து நாங்களே ஓட்டிட்டு வந்துடுறோம்" என்பார்கள். ஓட்டத் தெரிந்தவர்கள்தான். ஆனால் அங்கே பழகிய கை இங்கே எந்த இடத்தில் தடுமாறும் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குப் போனில் சொல்லிச் சொல்லிப் பழகியதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

ஊர் திரும்பிய முதல் மாதம், கோத்தகிரி அருகே அரவேனு பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். சாலை காலி. அமீரகத்தில் சாலையின் வலது பக்கம் ஓட்டிய பழக்கத்தில் வண்டியை நேராக வலது பக்கம் ஏற்றிவிட்டேன். எதிரே யாரும் இல்லாததால் தப்பு என்று உறைக்கவே இல்லை. அடுத்த வளைவில் தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று நேருக்கு நேர். அந்த டிரைவர் மேலே ஏறி வந்துகொண்டிருந்ததால் மெதுவாக வந்தார். அதனால்தான் இரண்டு வண்டியும் நின்றன. என் மனைவியின் மடியில் இருந்த எங்கள் பையனைப் பார்த்துவிட்டு அந்த டிரைவர், "குழந்தைய வெச்சிருக்கீங்க, பார்த்துப் போங்க தம்பி" என்றார், அவ்வளவுதான். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தக் கட்டுரையின் முதல் வரி அந்த இரவில் எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. லைசென்ஸ், வண்டி, இ-பாஸ்

இந்திய லைசென்ஸ் தேதியை விமானம் ஏறும் முன்பே பாருங்கள். அமீரக லைசென்ஸ் பர்ஸில் இருக்கிறதே என்று நம் ஊர் லைசென்ஸை மறந்துவிடுகிறோம். காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால் புதுப்பிக்க மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். இரண்டு வார லீவில் அது நடக்காது. செல்லுபடியாகும் லைசென்ஸும் ஆர்.சி.யும் டிஜிலாக்கரில் இருந்தால் போலீசார் அதையே ஏற்றுக்கொள்வார்கள்.

வாடகை வண்டி எடுத்தால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் நாமே ஓட்டும் வாடகைக்கு அனுமதி பெற்ற வண்டி. தெரிந்தவர் மூலம் வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும்.

அப்புறம் இ-பாஸ், அதாவது இணையத்தில் முன்கூட்டியே எடுக்கும் நுழைவு அனுமதி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இது தேவை. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். டி.என். 43 பதிவு எண் உள்ள உள்ளூர் வண்டிகளுக்கு வேண்டியதில்லை. சீசனில் வருவதாக இருந்தால் டிக்கெட் போட்ட கையோடு இதையும் போட்டுவிடுங்கள். மலை ஏறும் வழியில் பர்லியாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்தி, தடைசெய்த பிளாஸ்டிக் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் கொண்டுவாருங்கள்.

2. மலை ஏறும் முன் கீழே ஒரு நாள்

இதைத் தவிர்க்கவே கூடாது. விமான நிலையத்தில் வண்டியை வாங்கி நேராக மலை ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஒரு நாள் கீழேயே ஓட்டுங்கள். அன்னூர் பக்கமோ காரமடை பக்கமோ காலையில் இரண்டு மணி நேரம் போதும்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நாலு விஷயம் பிடிபடும். முதலாவது, இண்டிகேட்டர். அங்கே இடது கையில் இருந்த தண்டு இங்கே பெரும்பாலான வண்டிகளில் வலது கையில் இருக்கும். திரும்ப நினைத்துத் தட்டினால் வைப்பர் ஆடும். சமவெளியில் இது சின்ன விஷயம். கொண்டை ஊசி வளைவில் கண் ஒரு நொடி வைப்பர் பக்கம் போனால் சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது, வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டே போகும். வண்டியில் கோளாறு இல்லை, நாம்தான் இழுக்கிறோம். அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம் என்பதால் இத்தனை வருடம் நமக்கு வலது பக்கம்தான் வண்டியின் பெரிய உடம்பு இருந்தது. இப்போது இடது பக்கம் இருக்கிறது, அதன் அகலம் கண்ணுக்குள் இல்லை. மலையில் அந்த இடது ஓரத்தில் மழைநீர்க் கால்வாய் ஓடும், மூடி கிடையாது. சக்கரம் இறங்கினால் நாலு பேர் தூக்கினால்தான் வெளியே வரும். இதற்கு நான் கண்ட வழி: நேர் சாலையில் நடுக்கோட்டை ஒட்டி நம் பக்கமாகவே போய், கோடு பானெட்டின் எந்த இடத்தில் வெட்டுகிறது என்று ஒரு அடையாளம் பிடித்துக்கொள்வது. அப்புறம் கண் அதையே தேடும்.

மூன்றாவது, நான் அரவேனுவில் செய்த தப்பு. போக்குவரத்து உள்ள சாலையில் யாரும் பக்கம் மாற மாட்டார்கள். முன்னால் போகிற வண்டியே வழி காட்டிவிடும். காலிச் சாலை, பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வருவது, யு டர்ன், விடிகாலை, இந்த நாலும்தான் ஆபத்து. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் "இடது" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். என் மனைவி ஆறு மாதம் சொன்னாள்.

நாலாவது, கியர். அங்கே எல்லாம் ஆட்டோமேட்டிக்தான். இங்கே வாடகைக்குக் கிடைக்கும் சின்னக் கார்களில் பல ஏ.எம்.டி. வகை, அதாவது மேனுவல் கியரையே வண்டி தானாக மாற்றிக்கொள்ளும் வகை. பெயர் ஆட்டோமேட்டிக் என்றாலும் மேட்டில் பிரேக்கை விட்டால் பின்னால் உருளும் வண்டிகள் இதில் உண்டு. எடுக்கும் முன் ஏதாவது ஒரு பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்திப் பாருங்கள். உருண்டால், ஹேண்ட் பிரேக் போட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்து, வண்டி முன்னால் தவிக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விடும் பழக்கத்தைக் கீழேயே கற்றுக்கொள்ளுங்கள். குன்னூர் டிராஃபிக்கில் உங்கள் பின்பக்கத்தை ஒட்டி ஒரு பஸ் நிற்கும்போது கற்றுக்கொள்ள முடியாது.

3. எந்த வழி

மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு வழி. பர்லியாறு, குன்னூர் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கோத்தகிரி வழியில் வளைவு குறைவு, ஏற்றமும் கொஞ்சம் நிதானம். முதல் முறை என்றால் கோத்தகிரி வழி நல்லது என்பேன். ஆனால் மே சீசனில் ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள்: ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. அப்போது நமக்குத் தேர்வு இல்லை.

அமீரகத்து மலைகளான ஜெபல் ஜைஸ் ஏறியிருக்கிறேன், ஜெபல் ஹஃபீத் ஏறியிருக்கிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் ஏறியிருக்கிறேன். அழகான சாலைகள். ஆனால் அகலமான தார், மழை அரிது, பஸ் அரிது, வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். இங்கே மரம் மறைக்கும், மேகம் மறைக்கும், சாலை இரண்டு வண்டி அகலம்தான். மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் கிளம்பி ஊட்டியில் 2,203 மீட்டருக்குப் போய்ச் சேர்கிறது. அதே உயரத்தை நீங்கள் அரை நாளில் ஏறி, பிறகு இறங்கவும் வேண்டும்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதை 36 வளைவுகள் கொண்டது. மிகச் செங்குத்து. வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. முதுமலை போக வேண்டும் என்றால் பைக்காரா, கூடலூர் சுற்றிப் போங்கள். அங்கிருந்து மைசூரு போவதாக இருந்தால், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும்.

4. ஹாரன், விளக்கு, கை

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பது ஒரு வாரத்தில் பழகிவிடும். ஒரே சைகைக்கு அங்கே ஒரு பொருள், இங்கே வேறு பொருள் என்பதுதான் நாள்பட ஏமாற்றும்.

ஹாரனை எடுத்துக்கொள்ளுங்கள். அமீரகத்தில் சாலையில் ஹாரன் அடித்தால் திட்டுவது மாதிரி. கஃபட்டீரியா வாசலில் காரில் உட்கார்ந்தபடியே ஒரு தடவை அடித்தால் பையன் கரக் டீக்கு ஆர்டர் எடுக்க வருவான், அது ஒன்றுதான் கோபமில்லாத ஹாரன். அந்தப் பழக்கத்தில் மலையிலும் வாயை மூடிக்கொண்டு வளைவில் நுழைகிறார்கள். இங்கே அப்படி நுழையக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கு முன்னால் ஒரு தடவை, தெளிவாக, அடிக்க வேண்டும். "நான் வருகிறேன்" என்று பொருள். அடித்த பிறகு காதைக் கொடுங்கள். பாட்டை நிறுத்தி, கண்ணாடியை நாலு விரல் இறக்கி வைத்தால் எதிரே அடிப்பவர் ஹாரன் கேட்கும். பதில் வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். யானை இருக்கும் இடத்திலும் ஆஸ்பத்திரி பக்கத்திலும் மட்டும் ஹாரன் வேண்டாம்.

அடுத்தது விளக்கு. துபாய் ஷேக் ஸாயித் சாலையில் பின்னால் வருபவர் பளிச் பளிச் என்று அடித்தால் "லேனை விட்டு விலகு" என்று பொருள். இங்கே பெரும்பாலும் எதிரே வருபவர்தான் அடிப்பார். "நீ போ" என்று வழி விடுகிறார் என நினைத்து என் மச்சான் ஒருத்தர் குறுகலான பாலத்தில் ஏறிவிட்டார். உண்மையில் அதற்கு "நான் முதலில் வருகிறேன், நீ நில்" என்று பொருள். நல்லவேளை, எதிரே வந்த லாரி நின்றுகொடுத்தது. விளக்கு அடித்தால் நில்லுங்கள். வழி விடுகிறவர் கையைக் காட்டுவார், அது சந்தேகமில்லாமல் தெரியும்.

நாலு பக்க இண்டிகேட்டரும் அப்படித்தான். பனிமூட்டத்தில் அதைப் போட்டுக்கொண்டே ஓட்டாதீர்கள் என்று அபுதாபி போலீஸ் ஒவ்வொரு குளிர்காலமும் எச்சரிக்கும். இங்கே மேகம் இறங்கியவுடன் பாதிப் பேர் போட்டுவிடுவார்கள், சிலர் நாற்சந்தியில் நேராகப் போவதற்கே போடுவார்கள். இந்த விஷயத்தில் அங்கே கற்றதை விடாதீர்கள். அது எரியும்போது நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது, நிற்கிறீர்களா போகிறீர்களா என்பதும் தெரியாது. மேகத்தில் லோ பீம், இருந்தால் ஃபாக் லாம்ப், மெதுவான வேகம். ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் கண் முன்னால் நிற்கும்.

முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் "முந்து" என்று சிலர் சொல்வார்கள், "முந்தாதே" என்று சிலர் சொல்வார்கள், உண்மையிலேயே வலது பக்கம் திரும்பவும் செய்யலாம். அதனால் அதை நம்ப வேண்டாம். டிரைவரோ கிளீனரோ கையை வெளியே நீட்டி முன்னால் அசைத்தால் முந்தலாம் என்கிறார். அப்போதும் சாலை உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போங்கள்.

5. ஏற்றம்

குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. இது டிரைவர்களின் மரியாதைப் பழக்கம் மட்டும் இல்லை. மத்திய அரசின் சாலை விதியிலேயே இருக்கிறது. ஏறுகிற வண்டி நின்றால் மறுபடி எடுப்பது கஷ்டம், அதுதான் காரணம். அமீரகத்தில் யாருக்கு முதலில் வழி என்று கோடும் பலகையும் சொல்லிவிடும். இங்கே சரிவைப் பார்த்து நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஆனால் பஸ் விஷயம் தனி. கல்லாறைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும், மேலே பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்கு இருபது அடி முன்னாலேயே நின்றுவிடுங்கள். ஏறுகிறவன் எனக்குத்தான் உரிமை என்று வளைவுக்குள் மூக்கை நுழைக்காதீர்கள். பஸ் திரும்பும்போது முன்பக்கம் உங்கள் ஓரம் வரைக்கும் வரும், பின்பக்கம் உள்வளைவைத் துடைத்துக்கொண்டு போகும், முழுச் சாலையும் அதற்கு வேண்டும். முகப்புக் கண்ணாடி உங்கள் பானெட்டுக்கு மேலே வந்து நிற்பது மாதிரி இருக்கும்; பயப்படாமல் அப்படியே நில்லுங்கள். அவர்கள் தினமும் செய்கிற வேலை. திரும்பி முடிந்ததும் டிரைவர் ஒரு விரலைத் தூக்குவார். நீங்களும் தூக்குங்கள்.

இரண்டாவது கியரில் ஏறுங்கள். வளைவில் தேவைப்பட்டால் முதல் கியர். சின்ன இன்ஜின் என்றால் ஏ.சி.யை அணையுங்கள், பர்லியாறு தாண்டினால் காற்றே குளிரும். பின்னால் நாலைந்து வண்டி சேர்ந்துவிட்டால் அகலமான இடத்தில் ஒதுங்கி விட்டுவிடுங்கள். நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் ஹேண்ட் பிரேக், முதல் கியர், சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி, ஒரு கல்லை அண்டக் கொடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரம் போடுங்கள். இரவில் பைக்கில் வருபவர் அந்தக் கல்லில் ஏறி விழுவார்.

6. ஊருக்குள்

அங்கே ஸ்கூல் பஸ் "ஸ்டாப்" கையை நீட்டினால் ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தவறினால் 1,000 திர்ஹம் அபராதம், லைசென்ஸில் 10 பிளாக் பாயிண்ட் (தண்டனைப் புள்ளி). இங்கே எந்த வண்டியும் கையை நீட்டாது. மாலை நாலு மணிக்குப் பிள்ளைகளும், ஐந்து மணிக்குத் தோட்டத்தில் வேலை முடிந்த பெண்களும் சாலை ஓரமாகவே நடந்து போவார்கள், நடைபாதை கிடையாது. அந்த நேரத்தில் கோத்தகிரி, குன்னூர் சாலைகளில் 30-க்கு மேல் போகாதீர்கள்.

ஊட்டி சேரிங் கிராஸில் ரவுண்டானா. வட்டத்துக்குள் இருப்பவருக்கு முதல் உரிமை என்பது இரண்டு நாட்டிலும் ஒன்றே. ஆனால் சுற்றும் திசை தலைகீழ், நீங்கள் பார்க்க வேண்டியது வலது பக்கம். கழுத்து பழக்கத்தில் இடது பக்கம் போகும். இரண்டு பக்கமும் பார்த்துவிடுங்கள்.

குழந்தைகளைப் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவையுங்கள். அங்கே சைல்டு சீட் இல்லாமல் எடுக்காதவர்கள் இங்கே வந்ததும் மடியில் வைத்துக்கொள்கிறார்கள். நானும் வைத்திருந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். இங்கும் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு பெல்ட்டோ சைல்டு சீட்டோ போடுவது சட்டம்தான்.

குடித்துவிட்டு ஓட்டுவதில் இங்கே ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. மலைக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அமீரகக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள், சுத்தமாகக் கூடாது.

7. மாடும் யானையும்

பாலைவனச் சாலையில் ஒட்டகத்துக்கு வேலி போட்டிருப்பார்கள். இங்கே வேலி இல்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டெருமை திடீரென்று சாலையில் இறங்கும், ஒரு டன் எடை வரைக்கும் வரும். ஒன்று கடந்தால் இன்னும் வரும் என்று காத்திருங்கள். குஞ்சப்பனையிலும் கல்லாறு பக்கமும் யானை நிற்கலாம். தூரத்திலேயே நின்று, இன்ஜினை அணைக்காமல், ஹாரனும் ஃபிளாஷும் இல்லாமல் காத்திருங்கள். நெருங்கி வந்தால் மெதுவாகப் பின்னால் எடுங்கள். போட்டோவுக்காக இறங்காதீர்கள். குரங்குக்குப் பிஸ்கட் போடாதீர்கள். அதற்காக அது சாலையிலேயே உட்கார்ந்து பழகி, வண்டியில் அடிபட்டுச் சாகிறது.

8. இறக்கம்

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். இங்கே பழைய டிரைவர்கள் எல்லாரும் சொல்வது இதுதான், சாலைப் பலகையிலும் இரண்டாவது கியர் என்று எழுதியிருக்கும். ஆட்டோமேட்டிக்கில் "டி"யில் விட்டுவிட்டு வழி நெடுகப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகி, கருகிய வாசனை வரும். கிளட்ச் வாசனை மாதிரி, கொஞ்சம் கசப்பாக. அப்புறம் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் போகும். அதுதான் பிரேக் பிடிக்காமல் போவதன் தொடக்கம். "எல்" அல்லது "2" இருந்தால் அதில் போடுங்கள், ஏ.எம்.டி. என்றால் மேனுவலுக்கு மாற்றி இரண்டாவது கியரில் வையுங்கள். இன்ஜின் உறுமும், உறுமட்டும். பிரேக்கை மிதித்தால் அழுத்தமாக மிதித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தற்கொலை.

வாசனை வந்துவிட்டால் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் காத்திருங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூட்டில் டிஸ்க் வளைந்துவிடும். பர்லியாறு வழியாக இறங்கும் காலம் என்றால் அங்கே பழக்கடைகள் இருக்கும், பழ சீசனில் மங்குஸ்தான் கிடைக்கும், குழந்தைகளுக்கும் வாந்தி அடங்கும்.

9. உரசிவிட்டால்

அங்கே சின்னக் கீறலுக்கும் போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் எந்த ஒர்க்‌ஷாப்பும் கை வைக்காது. இங்கே கீறலுக்கு யாரும் ஸ்டேஷன் போவதில்லை, பேசித் தீர்த்துக்கொள்வார்கள். குரல் உயரும், அதற்காக நீங்களும் உயர்த்த வேண்டாம். இரண்டு வண்டியையும் போட்டோ எடுத்து, வளைவிலிருந்து வண்டியை விலக்கி, அப்புறம் பேசுங்கள். வாடகை வண்டி என்றால் உரிமையாளருக்குப் பேசி முடிக்கும் முன்பே போன் செய்யுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் பேச்சே கிடையாது: ஆம்புலன்ஸுக்கு 108, போலீசுக்கு 112. விரல் பழக்கத்தில் 998-உம் 999-உம் அழுத்தும், அதனால் இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவையுங்கள். சில வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. அப்போது வரும் முதல் பஸ்ஸை நிறுத்துங்கள், கண்டக்டர் கீழே போய்ச் சொல்லிவிடுவார்.

லீவு முடிந்து திரும்பிப் போனதும் முதல் நாள் காலையில் ஷார்ஜா டிராஃபிக்கில் இறங்க வேண்டாம். வெள்ளிக்கிழமை காலையில் பார்க்கிங்கில் நாலு சுற்று சுற்றுங்கள். வைப்பர் மறுபடியும் ஆடும்.